ஏழாம் எண் ஸ்டிக்கர்

வியாபாரத்தின் வாசனையே தெரியாத இருபத்திரண்டு பேரை ஒரே கோடையில் தொழில்முனைவோராக மாற்றிக் காட்டுகிறேன் என்று எங்கள் பல்கலைக்கழகம் கிளம்பியது. ஆறு வாரப் பயிற்சி. மேலாண்மை படிப்பவர்களுக்கு அனுமதி இல்லை. மற்ற எந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தாலும் வரலாம். தாவரவியல், இசை, மொழியியல், பூச்சியியல் என்று கலந்துகட்டி உட்கார்ந்திருந்தோம். நான் வேதியியல், நான்காம் ஆண்டு. எனக்கு ஜோடியாக வந்து சேர்ந்தவன் வரலாறு. அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் இரண்டாம் நாளே எல்லோரும் அவனை ‘வரலாறு’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

பயிற்சியாளருக்கும் பட்டப்பெயர் வைத்தோம். எதைச் சொன்னாலும் முப்பது நொடியில் சொல்லச் சொல்வார், அதனால் ‘முப்பது நொடி’. மூன்று நிறுவனங்கள் ஆரம்பித்து அதில் இரண்டை இழுத்து மூடியவர். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். முதல் நாள் எல்லோருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘முதலில் காது கொடுங்கள்’ என்று அச்சிட்டிருந்தது. அதாவது, பொருளைச் செய்துவிட்டு ஆளைத் தேடாதே, ஆளிடம் போய் அவர் கஷ்டம் என்னவென்று கேள் என்பது அவர்கள் தத்துவம். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. எனக்கு யாரிடமும் போய்க் கேட்கத் தேவையில்லை, கஷ்டம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று நினைத்தேன்.

என் அக்கா மகளுக்கு, எங்கள் பாப்பாவுக்கு, எட்டு வயது. ஐந்து வயதிலிருந்து இன்சுலின் ஊசி. தினமும் நான்கு முறை. இன்சுலின் பொல்லாத மருந்து. சூடு பட்டாலும் வீணாகும், ஒரு தடவை உறைந்துபோனால் அதோடு சரி. ஆனால் உருகியபின் பார்த்தால் முன்பு இருந்த மாதிரியே தெளிந்த தண்ணீராக நிற்கும். கெட்டதா நல்லதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். காரணம் இல்லாமல் சர்க்கரை ஏறினால் பழைய பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு, தெருமுனை மருந்துக்கடையில் போய்ப் புதுசு வாங்கிவருவாள். “சந்தேகம்னா புது பாட்டில்” என்பாள். நல்ல மருந்தும் சில சமயம் குப்பைக்குப் போகும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் அந்த ஸ்டிக்கரைச் செய்ய ஆரம்பித்தேன். நகத்தளவு பச்சை வட்டம். பாட்டில்மேல் ஒட்டிவிட வேண்டும். மருந்து உறைந்தால் உள்ளிருக்கும் சாயம் உடைந்து வட்டம் கருநீலமாகிவிடும். ஆய்வகத்தில் இருநூறு தடவை சோதித்ததில் ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.

முப்பது நொடியிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு. ஆனா இத யாராவது திரும்பிப் பார்ப்பாங்களான்னு தெரியுமா? ஒரு டம்மி பண்ணுங்க. வெறும் பச்சைக் காகிதம் போதும். காலி பாட்டில்ல ஒட்டி நாலு வீட்ல காட்டுங்க. மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாருங்க. காட்டிட்டு வாங்க, குடுத்துட்டு வராதீங்க.”

கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு தடவை சொன்னார். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை. நாலு வீடு, நாலு மூஞ்சி, இதெல்லாம் ஒரு சோதனையா? நான்கு வருடமாக ஆய்வகத்தில் பழகிய புத்தி எனக்கு. செய்தால் முறையாகச் செய்ய வேண்டும். பன்னிரண்டு வீடு. ஆறு வீட்டுக்கு நிஜ ஸ்டிக்கர், ஆறு வீட்டுக்கு அச்சடித்த டம்மி. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் நாம் கேட்கிற கேள்வியே சாய்ந்துவிடும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், வெறும் ஸ்டிக்கரே பழக்கத்தை மாற்றுகிறதா, இல்லை சாயம்தான் மாற்றுகிறதா என்று தெரிந்துவிடும். டம்மி கிடைத்தவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, இதற்கு முன் அவர்களிடம் எதுவுமே இல்லையே என்று வாதாடினேன். வாதாடியது வரலாற்றிடம் மட்டும்தான். முப்பது நொடியிடம் மூச்சு விடவில்லை.

வரலாறு குலுக்கிப் போட்டு எண்களை எழுதினான். பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டான். நானூறு வருடம் கழித்து யாரோ ஆராயப்போவதுபோல அவ்வளவு கவனம்.

பதினோரு வீடு சேர்ந்தது. பன்னிரண்டாவது வீட்டுக்காரர் கடைசி நாளில் கையை விரித்துவிட்டார். சொந்தக்காரர்களைச் சேர்க்கக்கூடாது என்பது பயிற்சியின் விதி, அவர்கள் எதையும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள் என்பதால். எண்ணிக்கை குறைகிறதே என்று நான் அக்காவிடம் போனேன். ‘இது சோதனை முயற்சி’ என்று தொடங்கும் படிவத்தை நீட்டினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“படிச்சுப் பார்த்துட்டுப் போடுக்கா.”

“நீ செஞ்சதுன்னா படிக்கணுமா என்ன?”

அவளுக்குப் போனது ஏழாம் எண்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மேடை, பயிற்சியின் முடிவில் அவரவர் பொருளை எல்லோர் முன்னும் விளக்கும் நாள். அன்றைக்குத்தான் உறையையும் பிரிப்பதாக இருந்தோம். வீட்டுக்குள் நுழையும்போதே காற்று சரியில்லை. பாப்பா கூடத்து மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கொடுத்த பயிற்சி நோட்டுதான். ‘முதலில் காது கொடுங்கள்’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே, ‘இனி பொய் சொல்ல மாட்டேன்’ என்று வரிசையாக எழுதியிருந்தாள்.

“நூறு தடவை எழுதச் சொல்லியிருக்கேன்” என்றாள் அக்கா. “மூணு நாளா சர்க்கரை முந்நூறுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. தலகாணிக்குக் கீழ பிஸ்கட் பேப்பர் கிடக்குது. கேட்டா சாப்பிடவே இல்லைங்கிறா. கல்லுளிமங்கி!”

“அது பழைய பேப்பர்மா” என்றாள் பாப்பா, தலை நிமிராமல். “நான் சாப்பிடல.”

“மருந்து கெட்டிருக்குமோ?” என்றேன்.

“அதான் உன் ஸ்டிக்கர் இருக்கே. பளிச்சுனு பச்சையா இருக்கு. மருந்து நல்லா இருந்து சர்க்கரை ஏறுதுன்னா வேற என்ன அர்த்தம்? உன் புண்ணியத்துல இந்தத் தடவை கையும் களவுமா பிடிச்சேன்.”

மாமா தட்டில் பரிமாறிக்கொண்டே, வெயிலுக்காக ஃபிரிட்ஜை முழுக் குளிரில் வைத்ததையும், உள்பக்கம் இருந்த வெள்ளரிக்காய் கல்லாக உறைந்துவிட்டதையும், அதைத் தூக்கிப் போட்டதையும் சொன்னார். ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசும் நினைப்பில்தான் சொன்னார்.

வெள்ளரிக்காய் உறைந்த அதே அடுக்கில்தான் மருந்துப் பெட்டி இருக்கும். அது உறைந்திருந்தால் ஸ்டிக்கர் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஒன்று, மருந்து உறையவில்லை. இல்லையென்றால் ஏழாம் எண் டம்மி. இரண்டில் ஒன்று. பூவா தலையா போட்டுப் பார்க்கிற கணக்கு.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். “அக்கா, அது வெறும் காகிதமா இருக்கலாம்” என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? முப்பதுகூட வேண்டாம். சொன்னால் ஏழாம் எண் கெட்டுப்போகும். பன்னிரண்டு பதினொன்றாகும். இன்னும் மூன்றே நாள். பிள்ளைகள் திருடித் தின்பது உலகத்தில் இல்லாததா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“எதுக்கும் ஒரு புது பாட்டில் வாங்கேன்” என்று மட்டும் சொன்னேன், பட்டும் படாமலும்.

“நல்ல மருந்தக் குப்பையில போடச் சொல்றியா? அதுக்குத்தானே இத செஞ்சே!”

தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தேன். கிளம்பும்போது பாப்பாவின் பக்கத்தில் குனிந்து, “சித்திகிட்ட மட்டும் சொல்லு. ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டியா?” என்று வேறு கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு அடுத்த வரியை எழுத ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை காலை ஒத்திகை. மேடையில் நின்று, “இனி ஒரு தாய்கூட சந்தேகப்பட வேண்டியதில்லை” என்ற என் முதல் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. மாமா.

“பாப்பா விடியக்காலையிலிருந்து வாந்தி எடுத்தா. மூச்சு வேற ஒரு மாதிரி வாங்குது. எழுப்பினா கண்ணத் திறக்க மாட்டேங்கிறா. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம்.”

வரலாறுதான் என்னைப் பிடித்து டாக்சியில் ஏற்றினான். உறை அவன் பையில் இருந்தது. “பிரிக்கட்டுமா?” என்றான். அந்த நேரத்திலும் அவன் என்னிடம் அனுமதி கேட்டான், நானும் ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடிக்காக என்மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

கையெழுத்தோடு சேர்த்துக் கிழித்தான். ஒன்று, நிஜம். இரண்டு, டம்மி. விரலை வைத்துக் கீழே இறங்கினான். ஏழில் நின்றது. தாளை என் பக்கம் திருப்பினான்.

“மத்த அஞ்சு டம்மி வீட்டுக்கும் நான் இப்பவே போன் பண்றேன்” என்றான். “எடுக்காதவங்க வீட்டுக்கு நேர்ல போறேன். நீ உள்ள போ.”

குழந்தைகள் வார்டில் பாப்பாவின் இரண்டு கையிலும் குழாய். நல்ல மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆபத்தத் தாண்டிட்டா. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டம். நீங்க போட்ட இன்சுலின் வேலையே செய்யலம்மா. உறைஞ்சு கெட்டிருக்கணும். ஃபிரிட்ஜப் பாருங்க.”

“சான்ஸே இல்ல டாக்டர்” என்றாள் அக்கா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அப்படியும் குரல் நிமிர்ந்தது. “கெட்டிருந்தா ஸ்டிக்கர் நிறம் மாறியிருக்கும். என் தங்கச்சி கண்டுபிடிச்சது. இதோ அவளே வந்துட்டா, கேளுங்க.”

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அது டம்மிக்கா” என்றேன். “வெறும் பச்சைக் காகிதம். எதுக்கும் மாறாது.”

அக்காவுக்குப் புரியவில்லை. உறை, குலுக்கல், ஆறு, ஆறு எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்கு எது போச்சு என்று எனக்கும் தெரியாது என்றேன். அவள் கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“செவ்வாய்க்கிழமை வெள்ளரிக்காய் உறைஞ்சதுன்னு அவர் சொன்னப்போ நீ தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தே” என்றாள் மெதுவாக. “அப்பவும் உனக்குத் தெரியாதா?”

“சந்தேகம் இருந்துச்சு.”

“சந்தேகம்னா புது பாட்டில். அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சது. அதையும் உன்ன நம்பி விட்டேன்.”

டம்மி கிடைத்தவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்று வாதாடியவள் நான். அக்காவிடம் மூன்று வருடமாக ஒரு சந்தேகம் இருந்தது. அதுதான் இந்தக் குழந்தையைக் காப்பாற்றி வந்தது. ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி அதை நான் பிடுங்கிவிட்டேன். அது போதாதென்று, உண்மை பேசிய பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினேன்.

சாயங்காலம் பாப்பா கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். அக்கா ஸ்பூனால் உதட்டை நனைத்தாள். என் போன் விடாமல் அதிர்ந்தது. நான்கு வீட்டில் சொல்லியாயிற்று, ஐந்தாவது வீட்டு வாசலில் நிற்கிறேன் என்று வரலாறு செய்தி அனுப்பியிருந்தான். நாளைய வரிசையில் எங்கள் இடம் என்ன ஆனது என்று முப்பது நொடி கேட்டிருந்தார். நடந்ததை அவருக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். மேடைக்கு வர மாட்டேன் என்றும் எழுதினேன்.

“அம்மா” என்றாள் பாப்பா. குரலே வரவில்லை. “அறுபத்திரண்டு எழுதிட்டேன். மிச்சம் முப்பத்தெட்டும் எழுதணுமா?”

அக்கா கையில் ஸ்பூன் நின்றது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

“வேண்டாம்டா தங்கம். நீ சாப்பிடல. நீ சொன்னது அத்தனையும் நிஜம். மருந்துதான் கெட்டுப்போச்சு. ஸ்டிக்கர் பொய். அது பொய்யா இருக்கலாம்னு சித்திக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல.”

அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. கணக்கு எங்கே நிற்கிறது என்று பார்ப்பவள்போல இருந்தாள்.

“அப்ப மிச்சத்த நீ எழுது சித்தி.”

நோட்டு அக்காவின் பையில், துணிமணிகளுக்கு அடியில் இருந்தது. அவசரத்தில் அதையும் வாரிப் போட்டு வந்திருக்கிறாள். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் எடுத்து நீட்டினாள். பேனாவையும் அவளே கொடுத்தாள். வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பாப்பாவின் கோணல்மாணல் எழுத்துக்குக் கீழே அறுபத்து மூன்று என்று எண் போட்டு எழுத ஆரம்பித்தேன்.