கேட்டுச் சொன்னவர்: மகன்

"அந்த வெள்ளைக்காரி தந்த விரிப்ப எடுத்து மூடு, மகன்," என்றாள் அம்மா சின்னத்தங்கம். "அவருக்கு அதெண்டா உசிரு."

துசாந்தனுக்குக் கை வரவில்லை. ஆனாலும் மூடினான். செத்துக் கிடந்த அப்பா கனகசிங்கத்தின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

சுனாமிக்கு அடுத்த மாதம் வந்த விரிப்பு அது. செட்டிபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் அகதி முகாம். வீட்டையும் தையல் மெசினையும் கடலுக்குக் கொடுத்த கனகசிங்கம், சட்டைப்பையில் மிஞ்சிய லேஞ்சி என்ற கைக்குட்டையோடும் ஒரு கொப்பியோடும் பிரெஞ்சு டொக்டரம்மாவின் மேசைக்கு வந்தார். ஆயுசு முழுக்க லேஞ்சிக்கு ஓரம் அடித்த மனிசன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கொப்பியில் குறித்துக் குறித்துத் தேடினார். ஊரில் அவருக்கு 'லேஞ்சியர்' என்றே பட்டம். லத்தீனில் நார்த்துணி, போர்த்துக்கேயருக்குக் கைத்துணி, ஸ்பானியருக்குப் படம் கீறும் துணி. பிரெஞ்சு மட்டும் பாக்கி.

"இந்தச் சொல்லு அவங்கட ஊரில என்னத்துக்கு வாறதெண்டு கேள், மகன்."

டொக்டரம்மாவுக்கு மொழிபெயர்த்தவன் துசாந்தன். பின்னால் வரிசையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நின்றார்கள். அவனுக்கு மானம் போயிற்று. அப்பாவுக்குப் போர்த்துக்கொள்ள ஒன்றும் இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவள் உள்ளே போய் விரிப்பொன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அதுதானப்பா அர்த்தம். போங்க," என்றான்.

அப்பா அங்கேயே நின்று, சிரித்த முகத்தோடு எழுதினார்.

சுனாமி வந்து அஞ்சு வருசமாகப் போகிறது. சண்டையும் முடிந்து இப்போது நாலு மாதம். அந்தக் கொப்பி அப்பாவின் கூட்டாளி நல்லரத்தினத்தின் கையில். முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அதை அப்படியே அச்சடிக்கப் போகிறாராம். ஊரே வாசிக்கும்.

துசாந்தன் அவரை வேலியோரம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னான். பிரெஞ்சு வரியை மட்டும் வெட்டிவிடச் சொன்னான்.

நல்லரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும் மனே. அடுத்த வருசமே நாங்க ரெண்டு பேரும் அகராதி பார்த்தம். பிரெஞ்சில அது பிணத்த மூடுற சீலை."

"அப்பா என்னட்ட ஒண்டும் கேக்கல்லையே."

"நானும் வெட்டத்தான் சொன்னன். 'மகன்ர பேர் போட்டுட்டன், கிடக்கட்டும்' எண்டிட்டாரு அப்பா."

கொப்பியை விரித்துக் காட்டினார். அப்பாவின் குண்டு எழுத்து. 'பிரெஞ்சில் படுக்கை விரிப்பு. கேட்டுச் சொன்னவர்: மகன் துசாந்தன்.'

அதற்குள், கொள்ளி வைப்பவருக்குத் தலை வழிக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கிணற்றடி மணலில் போய்க் குந்தினான்.

"இன்னும் கொஞ்சம் குனியுங்க தம்பி," என்றார் கத்தி பிடித்தவர்.

குனிந்தான். ஈர மயிர் மணலில் விழுந்தது. கத்தியைக் கழுவிக்கொண்டு, முடிஞ்சுது, எழும்புங்க என்றார் அவர்.

அவன் நிமிரவில்லை.