வடக்கே தலை வைத்த சேவுகன்

இலுப்பூருக்குத் தெற்கே ஊசிப்பொட்டலில், சித்திரை எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, சேவுகனின் முதுகில் ஊரின் நிலவியல் வரைபடம் வந்துவிட்டது. வேர்க்குரு என்று நினைத்து அவர் மனைவி மூக்காயி சந்தனம் அரைத்துப் பூசினாள். ரோஸும் நீலமும் பட்டை பட்டையாக, முதுகுத்தண்டோடு இறங்கும் ஒரு கறுப்புக் கோடு, அதை வெட்டி இன்னொன்று, ஓரத்தில் 70 என்று அச்சு எழுத்து. சந்தனம் அழிந்தது, 70 அழியவில்லை.

கிணறுகள் வற்றி நாலு வருஷம். டேங்கர் லாரி, டிரைவருக்கு மனசு வந்தால் வாரம் ஒருமுறை. கண்ட தண்ணீரைக் குடித்து இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. ஆகவே முதுகைப் பார்க்க ஊரே வந்தது. வடக்கே தலை வைத்தால் ஆகாது என்பது கைக்குழந்தைக்கும் தெரியுமாதலால், சேவுகனைத் தெற்கே தலை வைத்துக் குப்புறப் படுக்கப் போட்டார்கள். நீலம் தண்ணீர், எழுபது அடியில் இருக்கிறது என்று நாகராசு படித்துச் சொன்னான். அவன் போர்வெல் லாரியில் குழாய் தூக்குகிறவன், ஊர்க்கணக்கில் படித்தவன். நீலம் இருந்த திக்கில் போர் போட்டார்கள். ஆயிரம் அடிவரை வெள்ளைப் புழுதி. அதே நேரத்தில் சேவுகன் முதுகில் மிளகளவு ஓட்டை விழுந்து, அதிலிருந்தும் புழுதி வந்தது. இரண்டாவது போருக்கு இரண்டாவது ஓட்டை.

பிறகுதான் கல்லூரியில் நிலவியல் நடத்தும் ஷர்லி டீச்சரை அழைத்துவந்தார்கள். அவர் சேவுகனை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"படத்துக்கு மேல்பக்கம் வடக்குங்க. தலைகீழா வச்சுப் படிச்சிருக்கீங்க. எந்த நிறம் என்ன பாறைன்னு கீழ கட்டம் போட்டிருக்குமே, அது எங்க?"

கீழேதான் இருந்தது, வேட்டிக்குள். ஆண்களெல்லாம் கூரையைப் பார்க்க, மூக்காயி விலக்கிவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். நீலம், கெட்டிக் கருங்கல். 70, பாறை சாய்ந்திருக்கும் பாகை. கறுப்புக் கோடு, பிளவு.

"தண்ணி பிளவுலதாங்க நிக்கும். ரெண்டு பிளவு வெட்டுற எடத்துல நெறையா நிக்கும்" என்று சொல்லி, சேவுகனை வடக்கே தலை திருப்பிப் போட்டு விரல் வைத்தார் ஷர்லி. விரல் நெஞ்சுக்கு நேர் பின்னால் நின்றது.

"அங்கிட்டு வேணாம். டேங்கர் தண்ணியே போதும்" என்றாள் மூக்காயி.

"லாரி வந்து ஒம்பது நாளாச்சு. இன்னும் எந்தப் பிள்ளையத் தூக்கப்போறீங்க?" சேவுகன் குப்புறக் கிடந்தபடியே கேட்டார். "மெஷினக் கூப்பிடு நாகராசு. ரெண்டு ஓட்டை பழகிப்போச்சு."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். முந்நூற்று நாற்பது அடியில் தண்ணீர் பீய்ச்சியது. வீட்டில், மூக்காயியின் மடியில் கிடந்த முதுகிலும் மூன்றாவது ஓட்டை விழுந்து அதே வேகம். அவள் உள்ளங்கையால் ஓட்டையை அடைத்தாள். அங்கே போரில் தண்ணீர் நின்றது. எட்டு நிமிஷம் அடைத்திருந்தாள். போரடியில் குடத்தோடு நின்றவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"கைய எடு புள்ள" என்றார் சேவுகன்.

எடுத்தாள்.

குழியில் அவரைக் குப்புறத்தான் வைத்தார்கள், வடக்கே தலையாக. தெற்கேதானே வைக்கணும், முறை இருக்கே என்று பெரியவர் அழகுமலை தடுத்தார்.

"மறுபடியும் தலைகீழாப் படிக்கவா?" என்றாள் மூக்காயி.

இப்போது காலை ஆறிலிருந்து எட்டு வரை மோட்டார் ஓடுகிறது. தண்ணீரில் லேசாகச் சந்தன வாசம் உண்டு. பருப்பு வேக நேரமாகிறது என்பது ஒன்றுதான் ஊரின் குறை. வரிசையில் மூக்காயி பதினோராவதாக நிற்கிறாள்.