தேவசகாயம் போட்ட கடைக்கால்

மரியநத்தம் குடியேற்ற நூற்றாண்டு விழாக் குழு சகல பொதுமக்களுக்கும் பெருமகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொண்டது: விழா முடியும் வரை ஊர் இதே இடத்தில் இருக்கும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தாமலிலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரை இதைச் சொல்லிக்கொண்டு போனார்கள். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மரியநத்தம் இதற்கு முன்பும் எழுந்து போயிருக்கிறது என்பது பஸ் கட்டணம் ஏறியதைப் போல அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

ஆதியில் அது வாலாஜாபாத் பக்கம் பாலாற்றங்கரையில் இருந்தது. பண்ணைகளில் கூலிக்குக் கிடந்தவர்கள், பட்டது போதும் என்று கிளம்பி வந்து புறம்போக்கில் குடிசை போட்டார்கள். பாதிப் பேர் அந்தோணியாருக்குக் கோவில் கட்டினார்கள், பாதிப் பேர் பொன்னியம்மனுக்குக் கல் நட்டார்கள். ஆடிக் கூழை இரண்டு தரப்பும் குடித்தது, கிறிஸ்துமஸ் கேக்கிலும் பேதமில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே மதம்: வீட்டுக்குக் கடைக்கால் போடுவதில்லை. காலையில் போ என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் போயிருக்க வேண்டும், பிறகு அஸ்திவாரம் எதற்கு என்று பாட்டன்மார் நினைத்தார்கள். பேரப்பிள்ளைகள் மாடி எடுத்து டைல்ஸ் ஒட்டியபோதும் முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்டவில்லை. நாளடைவில் இந்தப் பழக்கம் வீடுகளுக்கும் தொற்றிக்கொண்டது. சர்வேக் கல் விழுந்தால் வீடுகள் தாமாகவே எழுந்து, இரண்டு கோவில்களையும் சேர்த்துக்கொண்டு, மேற்கே நடந்துவிடும். மணல் குவாரி வந்தபோது போயின. மனைப்பிரிவு வந்தபோதும் போயின. ரேஷன் கடை பின்னால் வந்துசேரத்தான் நாளாகும். செத்தவர்கள் மட்டும் ஒருபோதும் கூட வந்ததில்லை. பழைய கல்லறைகளின் மேல் இப்போது லாரிகள் நிற்கின்றன.

தேவசகாயம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற முறை ஊர் போனபோது கம்பிகள் இழுபட்டுப் பின்னால் ஓட, தானும் ஓடிப்போய்ப் புதிதாகக் கம்பம் நட்டவர். பள்ளம் ஆழமாக இருந்தால் எதுவும் நகராது என்பது அவர் சர்வீசில் கண்ட ஒரே உண்மை. அவர் மனைவி பட்டம்மாள் ஐப்பசியில் இறந்து, ஊரை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானாள். தையில் ஏதோ ஒரு கம்பெனியின் கிடங்குக்காக ஊரைச் சுற்றிக் கல் விழுந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் போய்விட்டால் பட்டம்மாள் தனியாகக் கிடப்பாள். பகலிலேயே கொல்லைக்குப் போகத் துணை தேடிய பெண்பிள்ளை அவள்.

ஊரை நிறுத்திவைக்க நூற்றாண்டு விழா எடுப்பது அவருடைய யோசனைதான். இரண்டு சால்வைக்குக் குறைந்து எந்த மேடையிலிருந்தும் இறங்காத பூவராகவன் தலைவரானார். நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டி, ஊர்ப் பெயரைவிடத் தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டார். வளைவின் கனத்தில் ஊர் அமுங்கி நிற்கும் என்று தேவசகாயம் நம்பினார். முழுக்க நம்பாததால், தன் வீட்டுக்கு முட்டுக் கொடுத்து, அடியில் ஆளுயரத்துக்குப் பள்ளம் எடுத்து கான்கிரீட் கொட்ட ஏற்பாடு செய்தார். காஞ்சிபுரத்துக் கொத்தனார் கலீம் பள்ளத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

“இன்னா லைன்மேன், கடைக்கால் போடறியா, கெணறு வெட்டறியா?”

“நீ தோண்டு பாய். என் வூட்டுக்காரி இங்கதான் இருக்குது. நான் எங்கியும் போவ முடியாது.”

அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் கமலவேணி வந்து, ஊரே போன பிறகு யாரோடு பேசிக்கொண்டிருப்பாய் என்று சண்டை பிடித்தாள். கான்கிரீட் இறுகிக்கொண்டிருந்தது.

சித்திரையில் விழா. பிற்பகலில் சிறப்பு விருந்தினர் எழுந்து, இந்த மண்ணில் ஆழ வேரூன்றிய மக்களே என்று தொடங்கினார். அவர் தொண்டையைக் கனைப்பதற்குள் அந்தோணியார் தெரு எழுந்தது. அம்மன் கோவில் தெரு அடுப்பில் கொதிக்கும் குழம்போடு பின்தொடர்ந்தது. ஜனங்கள் பதறவில்லை, வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு அவரவர் வீட்டின் பின்னால் நடந்தார்கள். பூவராகவன் மூன்றாவது சால்வையோடு தன் மாடி வீட்டைத் துரத்திக்கொண்டு ஓடினார். வளைவு அசையவில்லை, ஊரையும் நிறுத்தவில்லை. விருந்தினர் பேச்சை முழுதாக முடித்தார். கைதட்ட தேவசகாயம் மட்டும் இருந்தார். தட்டினார்.

அவருடைய வீடு நின்றது. நிம்மதியாக ஒரு முழம் கனகாம்பரம் எடுத்துக்கொண்டு பட்டம்மாளிடம் சொல்லப் போனார். கல்லறைத் தோட்டம் உழுதுவிட்ட மாதிரிப் புரண்டு கிடந்தது. ஒரு சிலுவை இல்லை, ஒரு மேடு இல்லை. போன் அடித்தது.

“அப்பா, அம்மா வந்துக்கினு இருக்குதுபா,” என்றாள் கமலவேணி. “எங்க வூட்டுப் பின்னாலயே வருது. இந்த வாட்டி எல்லாருமே கெளம்பிட்டாங்க. நீ எங்கபா நிக்கற?”

அவர் வீட்டுக்குத் திரும்பி, சுவரில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். இருட்டும் வரை தள்ளினார். கலீம் சுத்தமான வேலைக்காரர்.

தாமல் ஏரிக்கு அந்தப் பக்கம் போய் நின்ற ஊர், அவர் வீட்டுக்கு உண்டான இடைவெளியை நெருக்கி மூடிக்கொண்டது. இங்கே கம்பெனிக்காரர்கள் அவர் வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டு எழுப்பினார்கள்; வெளியே போக வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும். வளைவு கிடங்கு வாசலுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது. ஞாயிறுதோறும் தேவசகாயம் பஸ் பிடித்துப் போய், மகள் வீட்டுக்குப் பின்னால் வந்து படுத்துக்கொண்ட பட்டம்மாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்புகிறார். இருந்துவிட்டுப் போங்கள் என்று மருமகன் சொன்னதில்லை. அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் செப்டிக் டேங்க் வந்துவிட்டது.