கிரண் சார் இன்று லீவு

எங்களிடம் காது மிஷின் வாங்கிய சின்னப்பா அனுப்பிய போட்டோவைப் பார்த்து ஆபீசே சிரித்தது. பழுதான பொருளைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று நான்தான் மெயில் போட்டிருந்தேன். மனுஷன் காது மிஷினை ஒக்கலிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், நீலத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் வைத்து, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி எடுத்து அனுப்பியிருந்தார். நானும் சிரித்தேன். பிறகு, ‘சீரியல் நம்பர் தெரியவில்லை ஐயா, தயவுசெய்து இன்னொரு படம்’ என்று பதில் எழுதி, கீழே வழக்கம்போல ‘அன்புடன், கிரண்’ என்று போட்டேன்.

கிரண் என்று யாரும் கிடையாது. 2006-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, நிருபமா என்ற என் பெயர் மெயிலில் வேண்டாம், ஆம்பளைப் பெயர் என்றால் சண்டை குறையும் என்று முதலாளி அச்யுத் வைத்த பெயர் அது. காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஆன்லைன் சந்தை ஒன்றில் சைனா சாமான் விற்றோம். வாங்குகிறவர் கட்டும் பணம் பத்து நாள் அந்த சைட்டிடமே இருக்கும். அதற்குள் அவர் புகார் பட்டனை அழுத்தினால் பணம் அவருக்கே திரும்பிவிடும். அழுத்தாவிட்டால் எங்களுக்கு வந்துவிடும், அப்புறம் அவர் அழுது புரண்டாலும் ஒன்றும் நடக்காது. ஆகவே என் வேலை, பத்து நாள் மரியாதையாகப் பேசுவது. ‘புகார் எதுவும் கொடுக்க வேண்டாம் ஐயா, நானே பார்த்துக்கொள்கிறேன்.’ இப்படித் தேனொழுக எழுத எனக்கு நன்றாக வரும். அதற்காகச் சம்பளத்தைக் கூட்டினார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பத்தாவது நாள் சாயங்காலம் சின்னப்பாவே பெண்சாதி தனக்கோடியோடு மாடியேறி வந்துவிட்டார். பார்சலில் இருந்த விலாசத்தை வைத்து விசாரித்து வந்திருக்கிறார்.

“கிரண் சார் இருக்காராம்மா? எவ்ளோ வேல இருந்தாலும் டெய்லி பதில் போட்டுட்றாரு. பெத்த புள்ளங்ககூட இவ்ளோ மரியாதையா பேசாது. ஒரு தபா நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்.”

“அவரு இன்னைக்கு லீவுங்க,” என்றேன். நாக்கு கூசவில்லை.

அவர் விஷயத்தைச் சொன்னார். தனக்கோடிக்கு ஒரு வீட்டில் சமையல் வேலை. கூப்பிட்டால் கேட்பதில்லை என்று அந்த வீட்டம்மா மாசக் கடைசி வரை கெடு வைத்திருக்கிறாள். இந்தப் பணம் திரும்பி வந்தால்தான் கடையில் நல்ல மிஷினாகப் பார்த்து வாங்க முடியும், இல்லையென்றால் வேலை போய்விடும். எதிரிலேயே பிரௌசிங் சென்டர் இருந்தது. சைட்டின் பத்து நாள் கெடு அன்று ஆறு மணிக்கு முடியும். இப்போதே போய் அந்தப் பட்டனை அழுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவர்களை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அச்யுத்துக்கு போன் போட்டேன். “அந்தக் காது மிஷின் ஆளு இங்கயே வந்துட்டாரு சார். கிரணைப் பாக்கணுமாம். நான்தான் கிரண்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஆறு மணி வரைக்கும் உக்கார வெச்சிட்றேன், அதுக்கப்புறம் பணம் நம்மளுது.” சொல்லிவிட்டுச் சிரித்தேன்கூட. நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தனக்கோடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்ணை அல்ல, உதட்டை.

நான் வெளியே வந்ததும் புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள். தன் குரலே தனக்குக் கேட்காததால் கத்தித்தான் பேசினாள். “இந்தப் பொண்ணுதான்யா கிரணு. ஆறு மணிக்கு மேல துட்டு வராதாம். வாய் அசைஞ்சத பாத்தேன். எந்திரி, போலாம்.”

சின்னப்பாவுக்கு அவமானத்தில் முகம் சுருங்கிப்போனது. வாயை மூடு என்று அவளுக்குச் சைகை காட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதம்மா. காது போனதுலருந்து எல்லார் மேலயும் சந்தேகம். தண்ணி குடுத்த பொண்ணப் போயி என்னா பேச்சு பேசுறா பாரு.”

“பரவால்லங்க.”

மணி ஐந்தேகால். தனக்கோடி எழுந்து வாசல் வரை போய்விட்டாள். அவர் போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

“நீயே சொல்லிடும்மா. இவ மூஞ்சப் பாத்து, நீ கிரண் இல்லன்னு மெதுவா சொல்லு. உன் வாயால சொன்னா நம்புவா.”

தனக்கோடி ஓரடி கிட்டே வந்து, என் உதட்டைப் பார்த்தபடி காத்திருந்தாள்.