பக்கத்து வீட்டுக் கண்

ராஜி ஒரு தட்டில் காய்ந்த மிளகாயும் கல் உப்பும் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"நாலு நாளா தொண்டை கட்டியிருக்கு, வான்மதி. நாளைக்கு ஃப்ளைட். டாக்டர் ஒண்ணும் இல்லைங்கறார். அப்போ இது கண்ணுதான். நீங்க சுத்திப் போடுங்க. எனக்கு அந்த வரிசையெல்லாம் தெரியாது."

அவள் மகள் தீக்ஷா, கழுத்தில் மஃப்ளரோடு ஹாலின் நடுவே நாற்காலியில் கிழக்கு பார்த்து உட்கார்ந்திருந்தாள். பதினோரு வயது. லிஸ்பனில் நடக்கும் சர்வதேசக் குழந்தைகள் பாட்டுப் போட்டியில் அமெரிக்காவின் சார்பில் பாட்டுப் பாடப் போகிறவள் அவள்.

அது என் மகள் கயல் பாட வேண்டிய பாட்டு.

நவம்பரில் நடந்த தேர்வில் கயல்தான் முதல். தீக்ஷா இரண்டாவது. ஒரு வாரம் நான் ஐசலினில் நம்மவர்களின் கடைத்தெருவில் காரணமில்லாமல் நடந்தேன். யாராவது கயலைப் பற்றிக் கேட்கமாட்டார்களா என்று புடவைக் கடைகளில் நின்றேன். பிறகு கடிதம் வந்தது. நாட்டின் சார்பில் பாடுகிறவர் அந்த நாட்டின் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டுமாம். கயல் கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்தவள். கையில் இருப்பது க்ரீன் கார்டு.

முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று ஏழாம் மாதத்தில் விமானம் ஏறிப் போனவள் நான். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கை நிறைய வளையல் போட்டுக்கொள்ளும் ஆசை. மூன்று மாதக் குழந்தையோடு நியூ ஜெர்சிக்குத் திரும்பினேன். ராஜிக்கோ அந்த வருடம் ரத்த அழுத்தம். டாக்டர் பறக்கக் கூடாது என்றுவிட்டார். பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் இங்கேயே பெற்றாள். அந்தக் கதையை அவள் முதன்முதலில் சொன்னபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு பரிதாபப்பட்டேன். கடிதம் வந்த நாளிலிருந்து அவளுடைய ரத்த அழுத்தத்தின் மீதுகூட எனக்குப் பொறாமை.

கயல் ஒரு நாள் அழுதாள். மறுநாள் தீக்ஷாவோடு அதே பள்ளிக்கூட பஸ்ஸில், அதே சீட்டில் போனாள். நான்தான் மூன்று மாதமாக இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். தீக்ஷா உச்சஸ்தாயியில் தடுமாறும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ ஒன்று சுகமாகக் கால் நீட்டிப் படுத்தது. நாலு நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தட்டை வாங்கிக்கொண்டேன். மிளகாயையும் உப்பையும் கைப்பிடிக்குள் மூடித் தீக்ஷாவின் தலையைச் சுற்றினேன். ஊர்க் கண், உறவுக் கண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பக்கத்து வீட்டுக் கண் என்ற இடம் வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது. ராஜி கைகூப்பி நின்றாள். இவளுக்குத் தெரியுமோ, தெரிந்தேதான் என்னைக் கூப்பிட்டாளோ என்று ஒரு கணம் சுற்றிய கையை நிறுத்தினேன்.

"மூணு தடவை துப்பு சாமி."

தீக்ஷா கூச்சத்தோடு என் கைக்குள் துப்புவதுபோல் செய்தாள். "ஆன்ட்டி, இட்ஸ் ஜஸ்ட் அ கோல்டு."

"சும்மா இருடி," என்றாள் ராஜி. "வான்மதி, அடுப்புல போட்டு நல்லா எரிச்சிடுங்க. நெடி வரலைன்னா கண்ணுன்னு அர்த்தம், இல்லையா?"

"ஆமாங்க."

ராஜியின் கணவர் ஸ்ரீநிவாஸ் ஏற்கெனவே ஸ்டூலில் ஏறி, புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "போன தடவை அப்பளம் சுட்டதுக்கே ஃபயர் எஞ்சின் வந்துது. மிளகாய்க்கு ஹெலிகாப்டரே அனுப்புவான்."

பிப்ரவரி மாதம். குளிருக்காக ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்திருந்தார்கள். சமையலறைக்கும் ஹாலுக்கும் இடையே சுவர் கிடையாது. பத்து மிளகாய் எரிந்தால் அந்த நெடி நேராகத் தீக்ஷாவின் தொண்டைக்குத்தான் போகும். நாளைக்கு அவளால் பேசக்கூட முடியாது. பதற்றத்தில் ராஜிக்கு இது உறைக்கவில்லை. எனக்கு நாற்காலியைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. கேட்டது அவள், நான் செய்து கொடுக்கிறேன், அவ்வளவுதானே.

மின் அடுப்பின் சுருள் சிவந்தது. இரும்புக் கல்லை ஏற்றினேன். கைக்குள் மிளகாய்கள் நொறுங்கின.

அப்போது தீக்ஷா, சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், வாயை மூடியபடி பாட்டை முனகினாள். இரண்டாவது சரணத்தின் கடைசி வரி. மெட்டுப்படி அது நேராக ஏறி நின்றுவிட வேண்டும். தேர்வன்று கயல் மட்டும் அதை ஏற்றி, கொஞ்சம் வளைத்து, மெல்ல இறக்கினாள். நடுவர்கள் அதைக் கேட்டுத்தான் பென்சிலைக் கீழே வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வளைவு இப்போது தீக்ஷாவிடமிருந்து வந்தது.

"அது எங்க கத்துக்கிட்டே?"

"கயல்தான் டீச் பண்ணினா. பஸ்ல. டெய்லி. இட்ஸ் ரியலி ஹார்டு, ஆன்ட்டி."

கல்லிலிருந்து வெப்பம் என் முகத்தில் அடித்தது. கயல் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் போக முடியாத ஊருக்கு அவளுடைய வளைவு போகிறது, இந்தப் பெண்ணின் தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு. அந்தத் தொண்டையை நான் கெடுத்தால் டெக்சாஸிலிருந்து மூன்றாவதாக வந்த யாரோ ஒரு பெண் போவாள். நேராக ஏறி, நேராக நின்றுவிடுவாள்.

அடுப்பை அணைத்தேன். இதைக் கருணை என்று சொல்லிக்கொள்ள எனக்கே வெட்கம். என் மகளின் பொருள் சேதமாகக் கூடாது என்ற கணக்குதான்.

"ராஜி, எங்க ஊர்ல இதை வீட்டுக்குள்ள எரிக்க மாட்டாங்க. கீழே பார்பிக்யூ அடுப்புல போட்டுட்டு வர்றேன்."

"இந்தப் பனியிலயா?"

"கோட்டு இருக்குதுங்க."

தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பார்பிக்யூ அடுப்பு பனிக்கடியில் புதைந்திருந்தது. அதன் மூடியைக்கூட நான் தொடவில்லை. கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய்ப் பெரிய குப்பைத் தொட்டியில் கையை உதறினேன். தொட்டியருகே சிறிது நேரம் நின்றேன். எரிப்பதற்கு ஆகும் நேரம் ஆக வேண்டுமே.

மேலே வந்தபோது ராஜி கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். "நெடி வந்துதா?"

வந்தது என்று சொல்லியிருக்கலாம். கண்ணே இல்லை, வெறும் சளி என்று முடிந்திருக்கும். யார் மீதும் பழி இல்லை.

"வரலைங்க ராஜி," என்றேன். "துளிக்கூட வரலை."

"நான் சொன்னேன்ல." அவள் முகம் தெளிந்தது. "யாரோ பெரிய கண்ணு. போகட்டும். எவளா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். உக்காருங்க, காபி போடறேன்."

ஸ்ரீநிவாஸ் பேட்டரியைத் திரும்பப் பொருத்தினார். அலாரம் ஒருமுறை கூவி அடங்கியது. தீக்ஷா மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டு அந்த வரியை வாய்விட்டுப் பாடினாள். கரகரப்பு இருந்தது. ஆனாலும் ஏறியது, வளைந்தது. இறங்கும் இடத்தில் மட்டும் அவசரப்பட்டாள்.

ராஜி கொடுத்த காபியைக் கீழே வைத்தேன்.

"அங்க இன்னும் கொஞ்சம் நிதானமா இறங்கணும் சாமி," என்றேன். "இரு, கயலைக் கூப்பிடறேன். அது அவளோடது."