சாதுவின் மார்பில் ஒரு துளை

1

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து பிறந்தது. விலங்குப் பூங்காவில் ஒரு காப்பாளர், கூண்டின் மூலையில் அமர்ந்திருந்த ஆண் குரங்கைக் காட்டி, "இவன மாதிரி தங்கமான பிள்ளை கிடையாதுங்க" என்றார். அதன் பெயரே சாது.

முதல் தொடக்கம்: சிறைப்பட்ட உயிர்களின் கண்ணீரைக் கேளீர், அவற்றின் விலங்கை — வேண்டாம், இது மேடைப் பேச்சு.

இரண்டாம் தொடக்கம்: மருத்துவர் சாதுவின் மார்பு மயிரை மழித்து, குளிர்ந்த பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார். [அவருக்கு ஒரு மகள், ஓடியாடாத அமைதியான பெண். — கதைக்குத் தேவையற்ற வரி, அடித்துவிட்டேன்.]

2

"மத்தவனுங்கள அமுக்க நாலு ஆளு வேணும் டாக்டரம்மா. இவன் சொன்னாலே படுத்துப்பான்" என்றார் காப்பாளர்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"பொறந்ததுல இருந்தே. சண்டை கிடையாது, ஏறிக் குதிக்கிறது கிடையாது. அதனாலதான இவனையே ஜோடி சேக்கறோம்? குட்டிங்களும் அப்பன உரிச்சு வச்ச மாதிரி சமத்து."

மருத்துவர் கருவியைச் சற்றே நகர்த்தினார். திரையில், இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் இடையிலான சுவரில் ஒரு துளை.* கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, சாதுவின் குட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதே துளை. இன்னொரு குட்டி. அதே துளை. அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அப்போ இவன் சாது இல்லையா?"

"மூச்சு வாங்குதுங்க அவனுக்கு. அவ்வளவுதான்."

நோய்க்கு நற்சான்று வழங்கினோம்! நற்சான்றுக்குப் பரிசாகக் குடும்பத்தை வழங்கினோம். அக்குடும்பம் முழுமைக்கும் நோயை வழங்கினோம். (மீண்டும் மேடையேறிவிட்டேன். இறங்குகிறேன்.)

* கருவிலேயே உண்டாகும் குறை; மனிதக் குழந்தைகளுக்கும் வரும். அடைத்துவிடலாம், காலத்தில் கண்டறிந்தால்.

3

முடிவு அ: துளை அடைக்கப்படுகிறது; சாது உச்சிக் கிளையில் ஏறி, காப்பாளரின் தொப்பியைப் பறிக்கிறது.

முடிவு ஆ: கண்டறிந்தது தாமதம். மறுநாள் கூண்டின் மூலையில் —

இரண்டும் பயன்படவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, பசை காயாத கையால் மருத்துவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கிவிட்டார்.

"பாப்பா என்ன பண்றா?"

"தெருப் பிள்ளைங்க எல்லாம் கத்தி ஆடுதுங்க" என்றார் கணவர். "நம்ம பொண்ணு படியில சமத்தா உக்காந்து வேடிக்கை பாக்குறா. ஏன்?"

அடித்த வரியைத் திரும்பச் சேர்க்கிறேன்: அவருக்கு ஒரு மகள்; ஓடியாடாத அமைதியான பெண்.

அடுத்த வரியை எழுத என் கை மறுக்கிறது. அது உங்களுடையது, வாசகரே. ஆனால் எழுதுவதற்கு முன், உங்கள் வீட்டுப் படியில் எவரேனும் சமத்தாக உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள்.