லூர்துக்குப் போகிறவள்

எங்கள் தெருவில் ஒருவருக்கும் காது கேட்காது என்றுதான் அந்த மாதம் முழுக்க நினைத்தேன். நான் பிரான்ஸுக்குக் குடித்தனம் போகிறேன். அவர்கள் என்னைக் கோயிலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் சின்னப்பராஜ் காரைக்கால்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் குடும்பத்துக்கே அந்த நாட்டுக் குடியுரிமை. அங்கே தென்மேற்குக் கோடியில், மலையடிவாரத்தில், தார்ப் என்ற ஊரில் ஓட்டல் சமையல்காரராக இருந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, தொண்ணூற்றாறில் எனக்கு விசா வந்தது. அந்த ஊரிலிருந்து லூர்து மாதா கோயிலுக்குப் பஸ்ஸில் போய்விடலாம் என்று அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதோடு போயிற்று என் நிம்மதி.

“என்ற பொண்ணு டெய்சி லூர்துக்குப் போறாளுங்க” என்று அம்மா போத்தனூர் முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் யாராவது வேளாங்கண்ணிக்குப் போனால், போக முடியாதவர்கள் தங்கள் நேர்த்திக்கடனை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். மாட்டேன் என்று சொல்லக் கூடாது. கொண்டுபோனவர் திரும்பி வந்து, கொடுத்த வீட்டில் தீர்த்தம் தந்தால்தான் கடன் தீர்ந்த மாதிரி. அந்த வழக்கத்தை அப்படியே தூக்கி என் தலையில் வைத்தார்கள். மெழுகுவர்த்தி கட்டுக்கட்டாக வந்தது. உப்பும் மிளகும் பொட்டலமாக வந்தது. தையல் கடை ரசாக் பாய்கூட ஒரு குட்டிச் சட்டையைக் கொடுத்து, மகளுக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்றார். குளிருக்கு வாங்கிய என் ஸ்வெட்டர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் மெழுகுவர்த்தியை அடுக்கினாள் அம்மா.

“அம்மா, அங்க பனி கொட்டும். மெழுகுவர்த்தியைப் போத்திக்கிட்டா தூங்க முடியும்?”

“மாதா பாத்துக்குவா கண்ணு.”

“நான் கோயிலுக்குப் போகலைன்னு எத்தனை தடவை சொல்றது? அங்கயே குடியிருக்கப் போறேன். அப்படியே நாலு பேர்கிட்டயும் சொல்லு.”

“சரி கண்ணு” என்பாள். அடுத்த நிமிஷம் தண்ணீர்க் குழாயடியில் மறுபடியும் லூர்து. எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பா போன பிறகு, ரயில்வே காலனிப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து என்னை ஒற்றை ஆளாக வளர்த்தவள். விவரம் தெரியாதவள் இல்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் ஏறியது.

கிளம்புவதற்கு முந்தின நாள் எதிர்வீட்டு நஞ்சம்மாள் அக்கா வெள்ளியில் செய்த கண் ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தார். அவருடைய மாமியாருக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. என் பொறுமை அங்கே அறுந்தது.

“ஏனுங்கக்கா, நீங்களுமா? பெட்டியில எடமே இல்லீங்க. ஊரே சேந்து என்னைய இப்பிடிப் படுத்துனா நான் எங்க போவேன்?”

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “நானாவா கொண்டாந்தேன் அம்மணி? உங்கம்மாதான் தெனமும் வந்து கேட்டாங்க. ஒவ்வொரு ஊட்டுலயும் கேட்டாங்க. எதாச்சும் ஒண்ணு குடுத்துடு நஞ்சம்மா, வாங்கிட்டுப் போனா அவ தீர்த்தம் கொண்டுக்கிட்டு வந்துதானே ஆகோணும்னாங்க. எப்பிடி மாட்டேங்கறது?”

துணி முடிச்சை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா அடுப்படியில் எனக்காகப் பருப்புப் பொடி இடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“எப்ப வருவேன்னு என்கிட்டயே கேட்டிருக்கலாமே அம்மா.”

“கேட்டா நீ சொல்லிப்போடுவியேன்னுதான் கேக்கல.”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“செரி, இப்பக் கேக்கறேன். எப்ப வருவே?”

அந்த வாரம்தான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து, ஓட்டலைத் தானே எடுத்து நடத்தப்போவதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இனி ஊர் என்றால் நமக்கு அதுதான் டெய்சி, என்றார். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரு மாதத்து எரிச்சல் விடவில்லை.

“வர்ற மாதிரி இல்லைம்மா. அவருக்கு அந்த எண்ணமே இல்லை.”

அம்மா தலையாட்டினாள். அழவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மெழுகுவர்த்தி, உப்பு, சட்டை, எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பைக்குள் போட்டாள். என் கையிலிருந்த முடிச்சையும் வாங்கிக்கொண்டாள்.

“திரும்பி வராதவ கையில அடுத்தவங்க கடனைக் குடுத்தனுப்பக் கூடாது. பாவம் புடிச்சுக்கும்.”

செருப்புகூடப் போடாமல் வெயிலில் இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். ரசாக் பாய் கடை வாசலில் நின்று சட்டையை நீட்டினாள்.

“ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. என்ற பொண்ணு கோயிலுக்குப் போகலீங்க. அங்கயே குடியிருக்கப் போறாளுங்க. இனி வரமாட்டாளுங்க.”

நஞ்சம்மாள் அக்கா வீட்டிலும் அதையேதான் சொன்னாள். அடுத்த வீட்டிலும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. ஒரு மாதமாக நான் எதைச் சொல்லச் சொல்லி அவள் உயிரை எடுத்தேனோ அதைத்தான் சொன்னாள். என்னால் கேட்க முடியவில்லை.

“போதும் வாம்மா” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

“இரு கண்ணு, இன்னும் பாதித் தெரு கெடக்குது” என்று கையை விடுவித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.